எண்ணெய் வித்துக்களில் அடங்கிய லினோலியிக் அமிலம்

மார்கழி மாதத்துக் குளிரில் தேங்காயெண்ணெய் குப்பிக்குள்ளேயே உறைந்து வெண்கட்டியாகிவிடுவதையும், அதன் பக்கத்தில் வைத்த நல்லெண்ணெய் எப்போதும்போல் நீராகவே நிற்பதையும் யாவரும் கண்டிருப்பர். ஓட்டுடன் வைத்த நிலக்கடலை மாதக்கணக்கில் ருசி கெடாமலிருக்க, உடைத்து வைத்த பருப்பு விரைவில் சிக்கு நாற்றம் அடைவதும், ஆலையிலிருந்து கொண்டுவந்த தவிடு சில நாட்களுக்குள் காறல் வாடை வீசுவதும் குடியானவர்களுக்குப் புதிய செய்திகள் அல்ல. ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவை போலத் தோன்றும் இவற்றில் எல்லாம் பங்குகொள்ளும் ஒரு பொருள் உண்டு. அதுவே லினோலியிக் அமிலம் எனப்படும் கொழுப்பமிலமாகும்.

இவ்வமிலம் மனிதருக்கும் கோழி முதலிய பிராணிகளுக்கும் இன்றியமையாத ஆகாரப் பொருள். தேகம் இதைத் தானே உண்டாக்கிக்கொள்ள மாட்டாது. ஆகாரத்தின் வழியாகவே பெறவேண்டும். அதே சமயத்தில், எண்ணெயைக் கெடுக்கும் வாசலும் இதுவே. இதற்கு உயிர்ச்சத்தாகும் தகுதியை அளிக்கும் அமைப்பே இதை எளிதில் கெடும்படியும் செய்கின்றது. வித்தை விளைவிப்பவரும், ஆட்டுவிப்பவரும், சேமித்து வைப்பவரும் இவ்வுண்மையை அறிந்து நடப்பாராயின், வீட்டு ஆகாரத்தின் சத்தும் சந்தையில் சரக்கின் விலையும் ஒருங்கே காக்கப்படும்.

எண்ணெய் என்பது யாது?

எண்ணெய், நெய், கொழுப்பு ஆகிய யாவும் ஒரே வகுப்பைச் சேர்ந்த பொருள்கள். பிரெஞ்சு தேசத்து ரசாயன சாஸ்திரியாகிய செவ்ரூல் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவற்றை ஆராய்ந்து, ஒவ்வொரு கொழுப்பும் கிளிஸரின் என்னும் இனிப்பான பொருளும் கொழுப்பமிலங்களும் சேர்ந்து ஆகியது என விளக்கினார். அவருடைய நூல் 1823இல் வெளிவந்தது. ஒரு கிளிஸரின் மூலக்கூறுடன் மூன்று கொழுப்பமில மூலக்கூறுகள் இணைந்து நிற்பதே எண்ணெயின் பொதுவான அமைப்பு. ஒரு நுகத்தடியில் மூன்று கயிறுகள் கட்டித் தொங்குவதை ஒத்தது இது. நுகத்தடி எல்லா எண்ணெய்க்கும் ஒன்றே. கயிறுகள்தாம் வேறுபடும், எண்ணெய்களின் குணபேதங்களும் பெரும்பாலும் அக்கயிறுகளால் ஏற்படுபவையே.

கொழுப்பமிலம் என்பது கரியணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோத்து நிற்கும் சங்கிலி. அச்சங்கிலியின் ஒரு முனையில் அமிலக்கூறு இருக்கும். மற்ற இடங்களிலெல்லாம் கரியணுக்களைச் சூழ்ந்து ஜலவாயு, அதாவது ஹைட்ரஜன், அணுக்கள் பொருந்தியிருக்கும். இடம் உள்ளமட்டும் ஜலவாயு நிரம்பியிருக்குமாயின் அது நிறைவுற்ற அமிலம் எனப்படும். அடுத்தடுத்த இரு கரியணுக்கள் தலைக்கு ஓர் ஜலவாயு அணுவை இழந்து, தங்களுக்குள் இரட்டைப் பிணைப்புக் கொண்டிருக்குமாயின் அது நிறைவுறா அமிலம் எனப்படும். இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுக்கு மேற்பட்டிருப்பின் அதனைப் பன்னிறைவுறா அமிலம் என்பர்.

பதினெட்டுக் கரியணுக்கள் கொண்ட நான்கு அமிலங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இவ்விஷயம் நன்கு விளங்கும். மாட்டுக்கொழுப்பில் மிகுந்துள்ள ஸ்டியரிக் அமிலத்தில் ஜலவாயு அணுக்கள் 36. இரட்டைப் பிணைப்பு இல்லை. நிலக்கடலை எண்ணெயில் மிகுந்துள்ள ஓலியிக் அமிலத்தில் ஜலவாயு 34. இரட்டைப் பிணைப்பு 1. லினோலியிக் அமிலத்தில் ஜலவாயு 32. இரட்டைப் பிணைப்பு 2. ஆளிவிதை எண்ணெயில் மிகுந்துள்ள லினோலினிக் அமிலத்தில் ஜலவாயு 30. இரட்டைப் பிணைப்பு 3. பிராணவாயு அணுக்கள் எல்லாவற்றிலும் இரண்டே.

ஜலவாயுவில் இரண்டு அணுக்கள் குறைவதால் பெரிய பேதம் நேருமோ என ஐயுறலாம். இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் சங்கிலி நேராக நில்லாது வளைந்துவிடுகின்றது. நேரான குச்சிகளைக் கட்டாகக் கட்டுவது எளிது. வளைந்த முட்களை நெருக்கிக் கட்ட இயலாது. அதுபோலவே நேரான சங்கிலிகள் நெருங்கி அடுக்கி உறைந்து கட்டியாகும். வளைந்த சங்கிலிகள் அடுக்கப்படாமல் நீராகவே நிற்கும். ஸ்டியரிக் அமிலம் உருகுவதற்கு சென்டிகிரேடு 69 டிகிரி உஷ்ணம் வேண்டும். ஓலியிக் அமிலம் 13 டிகிரியிலேயே உருகிவிடும். லினோலியிக் அமிலமோ நீர் உறையும் நிலையிலும் உறையாது. மார்கழியில் நல்லெண்ணெய் நீராக நிற்பதன் காரணம் இதுவே. தேங்காயெண்ணெயில் பெரும்பான்மையானவை நிறைவுற்ற அமிலங்களாதலின் அது சற்றேறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே உறைகின்றது.

பெயரும் வரலாறும்

லத்தீன் மொழியில் ‘லீனும்’ என்பது ஆளிச்செடியையும், ‘ஓலியும்’ என்பது எண்ணெயையும் குறிக்கும். 1844ஆம் ஆண்டில் ஆளிவிதை எண்ணெயிலிருந்து இவ்வமிலம் முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டமையால் இப்பெயர் வழங்கலாயிற்று. ஆயினும் ஆளிவிதை எண்ணெயில் இதைக் காட்டிலும் லினோலினிக் அமிலமே அதிகம் என்பது பின்னர்த் தெரியவந்தது. இரட்டைப் பிணைப்புகள் சங்கிலியில் எவ்விடத்தில் உள்ளன என்பதும் பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின்னரே உறுதியாயிற்று. அமிலக்கூற்றிலிருந்து எண்ணுங்கால் ஒன்பதாவது கரியணுவிலும் பன்னிரண்டாவது கரியணுவிலும் அவை தொடங்குகின்றன. இவ்விரண்டிற்கும் நடுவே பதினோராவது கரியணு தனித்து நிற்கின்றது. இவ்விடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். எண்ணெய் கெடும் வரலாறு இங்கேதான் தொடங்குகின்றது.

எவ்வெண்ணெயில் எவ்வளவு?

எண்ணெய்களிலுள்ள கொழுப்பமிலங்களில் லினோலியிக் அமிலத்தின் பங்கு, நூற்றுக்கு, ஏறக்குறையப் பின்வருமாறு:

குசும்பா எண்ணெய் — 75
சூரியகாந்தி எண்ணெய் — 60
பருத்திக்கொட்டை எண்ணெய் — 52
சோயா எண்ணெய் — 52
நல்லெண்ணெய் — 42
தவிட்டெண்ணெய் — 34
நிலக்கடலை எண்ணெய் — 20 முதல் 35 வரை
பனையினச் செம்பனை எண்ணெய் — 10
பசுவின் நெய் — 2 முதல் 3 வரை
தேங்காயெண்ணெய் — 2

இவ்வளவுகள் எவ்விடத்தும் ஒரே நிலையில் இருப்பவை அல்ல. ரகத்துக்கு ரகம் வேறுபடும். ஒரே ரகத்திலும் பருவத்தைப் பொறுத்து மாறும். வித்தினுள் முதலில் ஓலியிக் அமிலமே உண்டாகின்றது. பின்னர் ஒரு நொதி அதில் இரண்டாவது இரட்டைப் பிணைப்பை அமைத்து லினோலியிக் அமிலமாக்குகின்றது. மணி பிடிக்குங் காலத்தில் குளிர்ச்சி மிகுந்தால் இவ்வேலை அதிகமாய் நடைபெறும். வெப்பம் மிகுந்தால் குறையும். ஆதலால் சூரியகாந்தியிலும் நிலக்கடலையிலும், குளிர்ந்த பருவத்தில் முற்றிய வித்தில் லினோலியிக் அமிலம் கூடுதலாகவும், கோடையில் முற்றிய வித்தில் ஓலியிக் அமிலம் கூடுதலாகவும் இருக்கும்.

தேகத்தில் இதன் தொழில்

கொழுப்பு என்பது தேகத்துக்கு உஷ்ணத்தையும் பலத்தையும் அளிக்கும் விறகு மாத்திரமே என்றும், அதற்குப் பதிலாக மாவுப்பொருளையே கொடுத்துவிடலாம் என்றும் முன்னாளில் சாஸ்திரிகள் பலர் கருதினர். அமெரிக்காவில் மினசோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜார்ஜ் பர், அவர் மனைவி மில்ட்ரெட் பர் ஆகிய இருவரும் இக்கருத்தைப் பரிசோதித்தனர். தெரிந்த ஜீவசத்துக்களும் உப்புக்களும் குறைவின்றிக் கொடுத்து, கொழுப்பை மட்டும் அறவே நீக்கிய ஆகாரத்தால் எலிக்குட்டிகளை வளர்த்தனர். அக்குட்டிகளின் வளர்ச்சி தடைப்பட்டது, தோல் செதிள் செதிளாய் உரிந்தது, வால் புண்பட்டு அழுகியது, சிறுநீரகம் கெட்டது, இனவிருத்தியும் குன்றியது. அவை அதிகமாக நீர் பருகியும் சிறுநீர் அதற்குத் தக்கவாறு பெருகவில்லை. 1929இல் அவர்கள் இதை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில், நிறைவுற்ற அமிலங்கள் இந்நோயைத் தீர்க்கவில்லை என்றும், லினோலியிக் அமிலம் சிறிதளவு கொடுத்த மாத்திரத்தில் எலிகள் தேறின என்றும் விளக்கினர். கொழுப்பமிலங்களில் இன்றியமையாதவை உண்டு என்னும் கொள்கை இவ்வாறு நிலைபெற்றது.

மனிதருக்கும் இது பொருந்தும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கொழுப்பு நீக்கிய பாலால் அமைந்த ஆகாரத்தை உண்ட கைக்குழந்தைகளுக்குத் தோல் வறண்டு தடித்ததையும், லினோலியிக் அமிலம் சேர்த்தபின் அது குணமானதையும் அமெரிக்க வைத்தியர் ஹான்ஸனும் அவருடன் உழைத்தோரும் 1963இல் வெளியிட்டனர். தாய்ப்பாலில் இவ்வமிலம் பசும்பாலில் இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகம். அதுவும் தாய் உண்ணும் எண்ணெயைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும் வரும். ஆதலால் பாலூட்டும் தாயின் ஆகாரத்தில் நல்ல எண்ணெய் இருத்தல் குழந்தைக்கும் நன்மையாகும்.

தேகம் இவ்வமிலத்தைத் தானே ஏன் செய்துகொள்ளலாகாது? மனித தேகத்தில் ஒன்பதாவது கரியணுவரை இரட்டைப் பிணைப்பு அமைக்கும் நொதிகள் உண்டு. அதற்கு அப்பால் பன்னிரண்டாவது கரியணுவில் அமைக்கும் நொதி இல்லை. அந்நொதி செடிகளில் உண்டு. எனவே இவ்விஷயத்தில் மனிதன் வயலில் விளையும் வித்தையே நம்பியிருக்கின்றான்.

பெற்ற லினோலியிக் அமிலத்தைத் தேகம் மூன்று விதமாய்ப் பயன்படுத்துகின்றது. முதலாவது, தேகத்தின் அணுவறைகள் ஒவ்வொன்றையும் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வில் இது ஓர் உறுப்பாகின்றது. வளைந்த சங்கிலிகள் இருப்பதால் அச்சவ்வு விறைத்துப்போகாமல் இளகி நிற்கின்றது. இரண்டாவது, தோலின் மேற்புறத்தில் நீர் கசிந்து வற்றிப்போகாமல் தடுக்கும் கொழுப்புப் பூச்சில் இவ்வமிலம் நேராகச் சேர்கின்றது. பர் தம்பதிகளின் எலிகள் ஓயாது நீர் பருகியதன் காரணம் இப்பூச்சுப் பழுதுபட்டு, நீர் தோல் வழியே வெளியேறியதேயாகும். மூன்றாவது, தேகம் இச்சங்கிலியை இருபது கரியணுக்களாக நீட்டி, நான்கு இரட்டைப் பிணைப்புகள் உள்ள அராகிடோனிக் அமிலமாக மாற்றுகின்றது. நிலக்கடலைக்குரிய தாவர சாஸ்திரப் பெயராகிய ‘அராகிஸ்’ என்பதன் வழியாக வந்த பெயர் இது. ஆயினும் நிலக்கடலையில் அராகிடோனிக் அமிலம் இருப்பதாகக் கொள்ளலாகாது. இதிலிருந்து புராஸ்டாகிளாண்டின் முதலிய பொருள்கள் உண்டாகி, காயத்தில் வீக்கம், இரத்தம் உறைதல், கருப்பை சுருங்குதல் ஆகிய தொழில்களில் பங்குகொள்கின்றன. இப்பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1982இல் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்ஸன், வேன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எவ்வளவு வேண்டும்? ஆகாரத்தால் பெறும் மொத்தச் சக்தியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்காவது லினோலியிக் அமிலத்தால் வருவது தகுதி என 2008இல் கூடிய உலக உணவு விவசாய ஸ்தாபன, உலக சுகாதார ஸ்தாபன நிபுணர் குழு கருதியது. ஒருவர் நாள் ஒன்றுக்கு 2,000 கலோரி பெறுவதாகக் கொண்டால், இது ஏறக்குறைய ஐந்தரை கிராம் ஆகும். இதை நல்லெண்ணெயினாலேயே பெறுவதானால் 13 கிராம் போதும். தேங்காயெண்ணெயினாலேயே பெறுவதானால் கால் கிலோவுக்கு மேல் வேண்டியிருக்கும். தானியங்களிலும் இவ்வமிலம் ஓரளவு உண்டாதலால், எள்ளோ கடலையோ சிறிதளவேனும் உண்ணும் குடும்பத்தில் குறைவு நேர்வது அரிது. லினோலினிக் அமிலமும் தேகத்துக்கு இன்றியமையாததே. ஆகையால் லினோலியிக் அமிலம் மிகுந்த எண்ணெய் ஒன்றையே அளவின்றி உண்பது சிறப்பன்று. பலவித எண்ணெயையும் மாற்றி மாற்றி, மட்டாக உபயோகிப்பதே நலம்.

கால்நடைக்கும் கோழிக்கும்

பசுவுக்குப் பருத்திக்கொட்டையும் எள்ளுப்பிண்ணாக்கும் கொடுத்தும் நெய்யில் லினோலியிக் அமிலம் மிகச் சொற்பமாயிருப்பது ஏன் என்னும் வினா எழலாம். மாட்டின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வசிக்கின்றன. அவை தீனியிலுள்ள நிறைவுறா அமிலங்களில் பெரும் பகுதிக்கு ஜலவாயுவைச் சேர்த்து நிறைவுற்றவையாக்கிவிடுகின்றன. எஞ்சுவதே பாலில் வருகின்றது. ஆகவே நெய் உறையுந் தன்மையுடன் விளங்குகின்றது. எண்ணெய் மிகுந்த தீனியை மாட்டுக்கு மிதமிஞ்சிக் கொடுப்பின் அந்நுண்ணுயிர்கள் பாதிக்கப்பட்டு, வைக்கோல் செரிப்பது குன்றுமாதலால் அளவறிந்து கொடுத்தல் வேண்டும்.

கோழிக்குப் பெருவயிறு இல்லை. உண்ட அமிலம் அப்படியே முட்டையில் சேரும். முட்டையிடும் கோழியின் தீனியில் நூற்றுக்கு ஒரு பங்கு லினோலியிக் அமிலம் இருத்தல் அவசியம். இது குறைந்தால் முட்டையின் பருமன் சிறுக்கும். தவிடும் பிண்ணாக்கும் இக்குறையை எளிதில் நீக்கும். ஆனால் அவை காறிப்போயிருப்பின் நன்மைக்கு மாறாகத் தீமையே விளையும். காறிய கொழுப்பு ‘ஈ’ ஜீவசத்தை அழித்துவிடும். அச்சத்துக் குறைந்த குஞ்சுகள் மூளை பாதிக்கப்பட்டுத் தலை சாய்ந்து, தள்ளாடி, விழுந்து மடிவதுண்டு.

எண்ணெய் காறுவது எவ்வாறு?

இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கும் நடுவே நிற்கும் பதினோராவது கரியணுவைப் பற்றி முன்னர்க் கூறப்பட்டது. அதனைப் பற்றியுள்ள ஜலவாயு அணுக்கள் மிகத் தளர்ச்சியாகவே பொருந்தியிருக்கின்றன. வெளிச்சமோ, உஷ்ணமோ, இரும்பு அல்லது செம்பின் துகளோ தாக்கினால் அவற்றுள் ஒன்று கழன்றுவிடும். கழன்ற இடத்தில் காற்றிலுள்ள பிராணவாயு வந்து சேரும். அவ்வாறு பிராணவாயு ஏறிய மூலக்கூறு அடுத்த மூலக்கூறிலிருந்து ஜலவாயு அணுவைப் பறிக்கும். அதுவும் அடுத்ததைக் கெடுக்கும். வைக்கோற்போரில் ஒரு மூலையில் பற்றிய நெருப்பு தானே பரவுவதுபோல் இக்கேடு எண்ணெய் முழுதும் பரவுகின்றது. இறுதியில் நீண்ட சங்கிலிகள் முறிந்து, எளிதில் ஆவியாகும் சிறு துண்டுகளாகின்றன. மூக்கைத் துளைக்கும் சிக்கு நாற்றம் அத்துண்டுகளால் ஏற்படுவதே. ஓலியிக் அமிலத்தைவிட லினோலியிக் அமிலம் பத்து மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் இவ்வாறு பிராணவாயுவை ஏற்கும்.

இக்கேடு முதலில் மெதுவாகவும், ஒரு கட்டத்துக்குப் பின் மிக வேகமாகவும் நடைபெறும். ஆதலால் நாற்றம் தெரிந்தபின் காப்பதற்கு ஒன்றுமில்லை. காய்ச்சினாலும் வடிகட்டினாலும் காறிய எண்ணெய் பழைய நிலைக்குத் திரும்பாது. காறிய எண்ணெயைப் புதிய எண்ணெயுடன் கலப்பது, இருப்பதையும் கெடுத்துக்கொள்வதேயாகும்.

ஈரத்தால் நேரும் கேடு வேறு வகைப்பட்டது. வித்திலும் தவிட்டிலும் கொழுப்பைப் பிளக்கும் நொதி ஒன்று உண்டு. அது ஈரத்தின் துணையால் கிளிஸரினையும் கொழுப்பமிலங்களையும் பிரித்துவிடும். நெல்லில் இந்நொதியும் எண்ணெயும் தனித்தனி இடத்தில் இருப்பதால் தீங்கு இல்லை. அரிசியைத் தீட்டும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. அக்கணமே கேடு தொடங்குகின்றது. பச்சரிசித் தவிடு சில நாட்களுக்குள் எண்ணெய் எடுக்கத் தகுதியற்றதாவதன் காரணம் இதுவே. பிரிந்த அமிலம் எவ்வளவு மிகுகின்றதோ அவ்வளவுக்கு, சுத்தி செய்யும்போது எண்ணெய் நஷ்டமாகும். தவிட்டின் விலையும் இறங்கும். நெல்லைப் புழுக்கும்போது நீராவியின் உஷ்ணத்தால் இந்நொதி அழிந்துவிடுவதால், புழுங்கலரிசித் தவிட்டில் இவ்வகைக் கேடு மிகக் குறைவு. ஆயினும் காற்றினால் வரும் கேடு அதற்கும் உண்டு.

நல்லெண்ணெய்க்கு வாய்த்த காவல்

லினோலியிக் அமிலம் நூற்றுக்கு 42 பங்கு கொண்ட நல்லெண்ணெய் விரைவில் காறவேண்டும் அன்றோ? அனுபவத்தில் அவ்வாறு காணப்படவில்லை. செடி தன் வித்துக்குக் காவலையும் சேர்த்தே அமைத்திருக்கின்றது. எள்ளில் செஸமின், செஸமொலின் என்னும் பொருள்கள் உள்ளன. செஸமொலினிலிருந்து, முக்கியமாய் எண்ணெய் காயும்போது, செஸமால் என்னும் பொருள் உண்டாகின்றது. பிராணவாயு ஏறிய மூலக்கூறுக்கு இது தன் ஜலவாயுவைக் கொடுத்து, நெருப்புப் பரவாமல் நடுவே வெட்டிய வாய்க்கால்போல் தடுத்து நிற்கின்றது. ‘ஈ’ ஜீவசத்தும் இத்தொழிலையே பல எண்ணெய்களில் செய்கின்றது. மிக அதிகமாய்ச் சுத்தி செய்யும்போது இக்காவற் பொருள்களில் ஒரு பகுதி நீங்கிவிடும்.

கேட்டைத் தவிர்க்க மனிதர் கையாண்ட வழிகள்

எண்ணெயில் ஜலவாயுவைச் செலுத்தி இரட்டைப் பிணைப்புகளை நிரப்பிவிட்டால் அது உறையும், காறுவதும் குறையும். நிக்கல் உலோகத்தின் துணையால் இதைச் செய்யும் முறைக்கு ஜெர்மனி தேசத்து நார்மன் என்பவர் 1902இல் உரிமைப் பட்டயம் பெற்றார். வனஸ்பதி இம்முறையால் ஆனதே. ஆனால் இதில் லினோலியிக் அமிலம் அழிவதோடு, முற்றிலும் நிரம்பாத பிணைப்புகளில் சில இயற்கைக்கு மாறாகத் திரும்பி, டிரான்ஸ் கொழுப்பு என்னும் வேறு வடிவம் கொள்கின்றன. இக்கொழுப்பு இருதயத்துக்குக் கேடு விளைப்பதென நிச்சயிக்கப்பட்டமையால், எண்ணெய், கொழுப்பு வகைகளில் இது நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் இந்தியாவில் அமலாக்கப்பட்டது.

வித்திலேயே அமிலத்தை மாற்றுவது மற்றொரு வழி. நிலக்கடலையில் லினோலியிக் அமிலத்தை ஆக்கும் நொதிக்கு இரண்டு பரம்பரைக் கூறுகள் ஆதாரம். இரண்டும் குறைபட்ட செடியில் ஓலியிக் அமிலம் அப்படியே தங்கிவிடும். ஜூனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலாக 2020இல் வெளிவந்த கிர்னார் 4, கிர்னார் 5 ஆகிய ரகங்கள் இத்தகையவை; அவற்றின் எண்ணெயில் ஓலியிக் அமிலம் ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கு. வறுகடலைக்கும் தின்பண்டங்களுக்கும் நெடுநாள் இருப்பு வைக்கவேண்டிய வியாபாரிக்கு இக்குணம் பெரிதும் உகந்தது. ஆனால் லினோலியிக் அமிலம் அதில் சொற்பமே. இத்தகைய கடலையை விளைவிக்கும் குடும்பத்தார் எள் முதலிய வேறு எண்ணெயையும் வீட்டில் உபயோகித்தல் பொருத்தமாகும்.

சேமிப்பில் கவனிக்கவேண்டியவை

1. வித்தை நன்றாக உலர்த்தியபின்பே மூட்டை கட்டவேண்டும். நிலக்கடலைக் காயில் ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்படலாகாது. ஈரம் மிகுந்த கடலையில் நஞ்சு விளைக்கும் பூஞ்சைக்காளானும் பற்றும். விதைக்கு வைப்பதில் ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறையுந்தோறும் முளைப்புத்திறன் நிற்குங்காலம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு.

2. நிலக்கடலையை ஓட்டுடனேயே வைத்திருந்து, விதைக்கவோ ஆட்டவோ வேண்டும் சமயத்தில் உடைப்பதே நலம். உடைந்த பருப்பையும் சிறகு நீங்கிய பருப்பையும் தனியே பொறுக்கி முதலில் செலவிடவேண்டும். காற்று நேராகத் தாக்கும் பருப்பே முதலில் காறும்.

3. எண்ணெயைக் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, இருண்ட குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். பாதி நிரம்பிய பாத்திரத்தில் பாதி காற்றே. செலவாகச் செலவாகச் சிறிய பாத்திரத்துக்கு மாற்றுவது உத்தமம். வெயில் படும் ஜன்னலோரத்தில் கண்ணாடிக் குப்பியை வைக்கலாகாது.

4. செம்பு, ஈயம் பூசாத பித்தளை, துருப்பிடித்த இரும்பு ஆகிய பாத்திரங்களில் எண்ணெயைச் சேமிக்கலாகாது. பீங்கான் ஜாடியும் எவர்சில்வர் பாத்திரமும் தகுதியானவை. பழைய எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீரால் நன்கு கழுவி, ஈரம் போகக் காயவைத்தபின்பே புதிய எண்ணெயை ஊற்றவேண்டும். அடியில் தங்கும் கசடு புதிய எண்ணெய்க்குப் பிறைமோர் போன்றது.

5. பலகாரம் சுட்ட எண்ணெயைப் புதிய எண்ணெய்ப் பாத்திரத்தில் திரும்ப ஊற்றலாகாது. அதைத் தனியே வைத்து விரைவில் செலவிட்டுவிடவேண்டும்.

6. பச்சரிசித் தவிட்டைத் தீட்டிய அன்றோ மறுநாளோ எண்ணெய் ஆலைக்கு அனுப்பவேண்டும். அது இயலாதவிடத்து நீராவியாலோ வறட்டு உஷ்ணத்தாலோ உடனே சூடேற்றி நொதியை அழித்து உலர்த்தி வைக்கலாம். தீனிக்கு வைப்பவர்கள் சில நாட்களுக்கு வேண்டியதை மட்டுமே வாங்குதல் நன்று.

7. செக்கில் ஆட்டிய பிண்ணாக்கில் எண்ணெய் கணிசமாகத் தங்கும்; அதனால் அது காறுவதும் விரைவு. புதியதைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுத்து, காறியதை எருவாக உபயோகித்துக்கொள்ளலாம்.

8. ஆளிவிதை எண்ணெய், குசும்பா எண்ணெய் ஆகியவை தோய்ந்த கந்தல்களையும் பஞ்சையும் குவித்து வைப்பது அபாயகரமானது. பிராணவாயு ஏறும்போது உஷ்ணம் உண்டாகின்றது. குவியலுக்குள் அவ்வுஷ்ணம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றுவதுண்டு. அவற்றை விரித்து உலர்த்தியோ நீரில் அமிழ்த்தியோ அப்புறப்படுத்தவேண்டும்.

இவற்றில் பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் ஒன்றுமில்லை. மூடியும் நிழலும் உலர்த்தலும் சுத்தமுமே வேண்டுவன. பருவமழையை நம்பி விதைத்து, களை பறித்து, காவல் காத்து வீட்டுக்குக் கொண்டுவந்த வித்தின் சிறந்த சத்து, மூடாத பாத்திரத்தின் வழியே வீணாகப் போவது வருந்தத்தக்கது. மனித தேகம் தன்னால் ஆக்கிக்கொள்ள இயலாத ஒரு பொருளை எட்செடியும் கடலைச்செடியும் ஆக்கித் தருகின்றன. அதை அடுப்படிவரை கெடாமல் கொண்டு சேர்ப்பது குடியானவர் கையில் இருக்கின்றது. கிராமத்தில் பொறுப்புள்ள அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் களஞ்சியங்களைப் பார்வையிடும் காலங்களில் இவ்விஷயங்களை எடுத்துரைப்பாராயின், ஊருக்குப் பெரும் பிரயோஜனம் உண்டாகும்.